பெருஞ்சிற்பங்களின் முன் நம் பிள்ளைகள்: ஒரு கல்விச் சுற்றுலா பற்றி

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்கட்கு,

தங்கள் பத்திரிகையின் வாசகர் பகுதியில் அண்மையில் வெளியான கடிதமொன்றில், முல்லைத்தீவு மாவட்டப் பாடசாலை ஒன்றின் சித்திரபாட மாணவர்களைப் புதுக்குடியிருப்பு, ஆனையிறவு, கிளிநொச்சி ஆகிய இடங்களிலுள்ள போர் வெற்றிச் சின்னங்களுக்கு அழைத்துச் சென்றமை கண்டிக்கப்பட்டிருந்தது. போரில் உறவுகளை இழந்த குடும்பங்களின் பிள்ளைகளை அவ்விடங்களில் கொண்டுபோய் நிறுத்துவது ஆசிரியர்களின் சிந்தனைக் குறைவையே காட்டுகிறது என்றும், அதற்குச் செலவான பணத்தில் வர்ணங்களும் தூரிகைகளும் வாங்கிக் கொடுத்திருக்கலாம் என்றும் அவ்வாசகர் எழுதியிருந்தார். ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியன் என்ற வகையில் துணைக்கு வருமாறு அழைக்கப்பட்டு அந்தப் பயணத்தில் நானும் சென்றிருந்தேன். அவருடைய கோபம் எனக்கு நன்றாகவே விளங்குகிறது. ஆனால் அவருடைய முடிவோடு உடன்பட என்னால் இயலவில்லை. அதற்கான காரணத்தைச் சற்று விரிவாக எழுத இடம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இலங்கையில் திறந்த வெளியில், பொதுமக்கள் எல்லோரும் பார்க்கும்படியாக, பெரிய அளவில் அமைக்கப்பட்ட அண்மைக்காலப் படைப்புகள் குறுகிய தூரத்துக்குள் அடுத்தடுத்து நிற்கும் பகுதிகளில் வன்னியும் ஒன்று என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதியில் புதுக்குடியிருப்பை அண்டி, நீர்த்தடாகத்தின் நடுவே ஒரு கையில் துப்பாக்கியும் மறு கையில் கொடியுமாக நிற்கும் படைவீரனின் சிலை இருக்கிறது. ஆனையிறவில் உயர்ந்தெழும் கைகள் நாட்டின் வரைபடத்தை ஏந்த, அதிலிருந்து மலரொன்று விரிகிறது. கிளிநொச்சி நகரின் நடுவே பெரியதொரு கொங்கிறீற்றுக் கனவுருவை (பெட்டி வடிவக் கட்டியை) எறிகணை துளைத்து வெடிப்பு உண்டாக்கியிருக்க, அதன் உச்சியில் தாமரை பூத்திருக்கிறது. அதே நகரில் போரின் இறுதிக் காலத்தில் சரிக்கப்பட்டு வீழ்ந்த நீர்த்தாங்கியும் பல ஆண்டுகள் காட்சிப்பொருளாகவே வைக்கப்பட்டிருந்தது. இவற்றை நாம் விரும்பிக் கேட்கவில்லை. அமைக்கும்போது எம்மிடம் எவரும் அபிப்பிராயம் கேட்கவுமில்லை. ஆயினும் இவற்றைக் கடந்துதான் எமது பிள்ளைகள் பிரத்தியேக வகுப்புக்கும் வைத்தியசாலைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போய் வருகிறார்கள். 2009ஆம் ஆண்டின் பின் பிறந்த ஒரு பிள்ளைக்கு இந்தச் சின்னங்கள் இல்லாத வன்னி வீதிகளை நினைத்துப் பார்க்கவே முடியாது.

எனவே, பிள்ளைகளை இவற்றுக்கு அழைத்துச் செல்வதா இல்லையா என்று விவாதிப்பதில் பயனில்லை. அவர்கள் ஏற்கெனவே அங்கேதான் வளர்கிறார்கள். பஸ் யன்னலூடாக அரை நிமிடம் கண்ணில் பட்டு மறையும் ஒன்றாக அவை இருந்துவிடலாமா, அல்லது ஒருமுறையேனும் இறங்கி, சுற்றி நடந்து, யார் எதற்காக எப்படி இதை ஆக்கினார் என்று கேட்கக்கூடிய ஒன்றாக அவை ஆகவேண்டுமா என்பதையே நாம் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. சித்திர ஆசிரியர் ஒருவர் தம் மாணவருக்குக் கற்பிக்க வேண்டியவற்றில் முதன்மையானது பார்க்கும் பழக்கம் என்று நான் நம்புகிறேன். வரைதல் அதற்குப் பின்னரே வருகிறது.

அந்தப் பயணத்துக்கு முன்னாயத்தமாக நடந்தவற்றைக் குறித்த வாசகர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்னரே பாட ஆசிரியை வெளிநாட்டுப் படைப்புகள் இரண்டின் படங்களை அச்சிட்டு வகுப்பறைச் சுவரில் ஒட்டியிருந்தார். அவற்றுள் ஒன்று, 2005ஆம் ஆண்டு பெப்ரவரியில் நியூயோர்க் நகரின் சென்ட்ரல் பூங்காவில் கிறிஸ்டோ, ஜான்-குளோட் என்ற கலைஞர் தம்பதியர் அமைத்த பெரும் நிறுவற்கலைப் படைப்பு, அதாவது ஓர் இடத்தில் பொருட்களை நிறுவி அந்த இடத்தையே கலையாக்கும் படைப்பு. பூங்காவின் நடைபாதைகளில் ஏறத்தாழ 37 கிலோமீற்றர் நீளத்துக்குக் காவி நிறத் துணி தொங்கும் 7,503 வாயில்களை நிறுத்தி, 16 நாட்கள் மக்களை அவற்றின் கீழ் நடக்கவிட்டு, பின்னர் முழுவதையும் கழற்றி எடுத்துவிட்டார்கள். முதன்முதலில் 1979இல் முன்வைக்கப்பட்ட அந்தத் திட்டம் அனுமதி பெற்று நிறைவேற கால் நூற்றாண்டு சென்றது. இதைக் கேட்ட பிள்ளைகள் வியப்பார்கள் என்று நாங்கள் எதிர்பார்த்திருக்க, ஒரு மாணவி மிக இயல்பாக, "எங்கட கோயில் திருவிழாவுக்கும் தெரு முழுக்கத் தோரணம் கட்டி, முடியக் கழட்டுறதுதானே, ரீச்சர்?" என்றாள். வட்டாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு முன் முள்ளியவளைக் காட்டு விநாயகர் ஆலயத்தில் கடல்நீரில் விளக்கெரிவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். சில நாட்கள் மட்டும் இருந்து, ஊர் முழுவதையும் தன்னிடம் இழுத்து, பின்னர் இல்லாமற் போகும் காட்சியொன்று அவர்களுக்குப் புதியதன்று. பாடநூலில் இடம்பெறாதது என்பதால் அதைக் கலையென்று எண்ணிப் பார்க்க அவர்களுக்கு எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மற்றையது, அமெரிக்காவின் வோஷிங்டன் நகரிலுள்ள வியட்நாம் போர் நினைவிடம். 1981இல் நடந்த போட்டிக்கு வந்த 1,421 வடிவமைப்புகளுள் தெரிவானது, அப்போது 21 வயதே ஆகியிருந்த பல்கலைக்கழக மாணவி மாயா லின் அனுப்பியது. அங்கே வீரனின் உருவமோ கொடியோ துப்பாக்கியோ இல்லை. நிலத்துள் தாழ்ந்து செல்லும் கரிய கருங்கற் சுவர்களில் இறந்தவர்களின் பெயர்கள் மட்டுமே, அவர்கள் உயிரிழந்த ஒழுங்கில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கல் பளபளப்பாகத் தீட்டப்பட்டிருப்பதால் பெயரைத் தேடி வாசிப்பவரின் முகமும் அதில் தெரிகிறது. 1982இல் அது திறக்கப்படுவதற்கு முன்னரே, வெற்றியையும் வீரத்தையும் காட்டாத இந்தச் சுவர் படையினருக்கு அவமதிப்பு என்று பெரும் எதிர்ப்புக் கிளம்பியதனால், 1984இல் மூன்று படைவீரர்களின் உருவச்சிலையொன்று அதற்கு அருகே தனியாக வைக்கப்பட்டது. ஒரே போரை நினைவுகூர ஒரே வெளியில் இரண்டு விதமான படைப்புகள் நிற்கின்றன என்ற இந்தச் செய்தியே எமது பயணத்துக்கு வேண்டிய கண்ணாடியை மாணவருக்குக் கொடுத்தது. அந்த அமெரிக்கச் சுவரில் வியட்நாமியர் ஒருவரின் பெயர்கூட இல்லை என்பதை, எவரும் சுட்டிக்காட்டாமலே, பின்வரிசையிலிருந்த மாணவன் ஒருவன் கேட்டு அறிந்துகொண்டான் என்பதையும் இங்கே சொல்லவேண்டும்.

புதுக்குடியிருப்பில் நாங்கள் அதிக நேரம் நிற்கவில்லை. சிலைக்கும் பார்ப்பவருக்கும் இடையில் நீர் இருப்பதையும், எங்கே நின்றாலும் அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருப்பதையும், அடியிலுள்ள சிங்க உருவங்கள் எத்திசையைப் பார்க்கின்றன என்பதையும் பிள்ளைகள் குறித்துக்கொண்டார்கள். வெயில் ஏறிவிட்டமையால் அங்கிருந்து விசுவமடு, தருமபுரம் ஊடாகப் பரந்தன் சென்று ஆனையிறவை அடைந்தோம்.

ஆனையிறவில்தான் அன்றைய பாடத்தின் பெரும்பகுதி நடந்தது. மாணவரைச் சிறு குழுக்களாகப் பிரித்த ஆசிரியை, ஒரு குழுவை வீதியோரத்திலும், ஒரு குழுவைச் சின்னத்தின் அடியிலும், மற்றொன்றை அதன் பின்புறத்திலும் அமரச் செய்து, ஒரே பொருளை மூன்று தூரத்திலிருந்து வரையச் சொன்னார். கணிதத்தில் கெட்டிக்காரரான இருவர் தடியொன்றை நட்டு, அதன் நிழலையும் சின்னத்தின் நிழலையும் அளந்து, இயல்பொத்த முக்கோணிகளைக் கொண்டு உயரத்தைக் கணித்தார்கள். இருவருக்கும் கிடைத்த விடைகள் ஒன்றையொன்று ஒத்துப்போகவில்லை என்பது வேறு விடயம். வீதியோரத்தில் இருந்தவர்களுக்குக் கைகளும் வரைபடமும் ஒரே உருவமாக, வானத்தின் பின்னணியில் தெளிவாகத் தெரிந்தன. அடியில் இருந்தவர்களுக்கு வரைபடம் தெரியவே இல்லை. அவர்களுடைய தாள்களில் விரல்களும் மணிக்கட்டுகளுமே நிறைந்திருந்தன. ஓடும் வாகனத்திலிருந்து பார்ப்பவனுக்காகவே இது அளவிடப்பட்டிருக்கிறது என்று அவர்களே கண்டு சொன்னார்கள். பெரிய அளவிலான பொதுப் படைப்பொன்றைப் பாடநூற் படத்தில் பார்ப்பதற்கும் நேரில் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நான் எத்தனையோ வகுப்புகளில் விளக்க முயன்றிருக்கிறேன். மூன்று தாள்களை அருகருகே வைத்தபோது அது விளக்கமின்றியே விளங்கிற்று.

பின்புறத்தில் இருந்த குழுவிடம் அங்கே கடமையில் இருந்த படைவீரர் ஒருவர் வந்து, எல்லோரும் முன்னால் நின்று படமெடுக்கிறார்கள், நீங்கள் ஏன் முதுகுப் பக்கத்தை வரைகிறீர்கள் என்று சிங்களத்தில் விசாரித்தார். ஆசிரியை தமக்குத் தெரிந்த சிங்களத்தில், சிற்பத்துக்கு நான்கு பக்கமும் உண்டு என்று பாடத்தில் படிக்கிறார்கள் என்று பதில் சொல்ல, அவர் தலையாட்டிவிட்டுச் சிறிது நேரம் நின்று வேடிக்கை பார்த்தார். வேறெந்தத் தொந்தரவும் இருக்கவில்லை. பெற்றோர் சிலர் முன்கூட்டியே அஞ்சியது இதைத்தான் என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

மரநிழலில் இடியப்பப் பொதிகளைப் பிரித்துச் சாப்பிட்டபடியே பிள்ளைகள் பேசியவற்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கைகள் யாருடையவை, அவற்றுக்கு ஏன் உடலும் முகமும் இல்லை என்று ஒருவன் கேட்டான். நாடு முழுவதையும் தாங்குவதற்காகப் பொதுவாகச் செய்திருப்பார்கள் என்று ஒருத்தி சொல்ல, "பொதுவான கையெண்டால் அதில எங்கட கையும் இருக்கா?" என்று இன்னொருத்தி கேட்டாள். அங்கே எவரும் அதற்கு விடை சொல்லவில்லை, ஆசிரியையும் சொல்லவில்லை. அவர் செய்தது ஒன்றுதான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் மாணவர் எழுப்பியதும், 2021ஆம் ஆண்டு ஜனவரியில் இரவோடிரவாக இடிக்கப்பட்டதும், எதிர்ப்புகளின் பின் அதே ஆண்டிலேயே மீளக் கட்டப்பட்டதுமான முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியின் படத்தைத் தமது கைப்பேசியில் காட்டினார். அதிலும் மேல்நோக்கி எழுவன கைகளே. ஒன்றில் கைகள் தாங்குகின்றன, மற்றதில் கைகள் உதவி கேட்கின்றன என்று முதலில் பேசிய அந்தப் பையன் சொன்னான். ஒரே உறுப்பை, ஒரே திசையில் நீட்டி, இரு தரப்பினர் முற்றிலும் வேறான இரண்டு செய்திகளைச் சொல்ல முடிந்திருக்கிறது என்பது உயர்தரச் சித்திர வினாத்தாளில் கேட்கத்தக்க அவதானம். தரம் பத்தில் படிக்கும் பிள்ளையொன்று அதைத் தானாகக் கண்டுபிடித்தது.

கிளிநொச்சிக் கனவுருவத்தின் முன் விவாதம் சூடாகவே நடந்தது. அந்தக் கல் எதைக் குறிக்கிறது என்பதில் பிள்ளைகள் ஒத்துப்போகவில்லை. ஒருவருக்கு அது சுவர். இன்னொருவருக்கு அது உடைந்த வீடு. குண்டு துளைத்த பக்கத்தில் நின்று பார்த்தவளுக்கு அது காயப்பட்ட உடல். குளங்களோடு வாழ்பவர்களாகையால் தாமரையைப் பற்றி அவர்களுக்குச் சொல்ல நிறைய இருந்தது. சேறும் நீருமின்றிக் கொங்கிறீற்று வெடிப்பில் தாமரை எப்படி முளைக்கும் என்று கேட்டு ஒருவன் சிரித்தான். முளைக்காத இடத்தில் முளைப்பதைக் காட்டத்தானே செய்திருக்கிறார்கள் என்று மற்றவன் படைப்பாளியின் பக்கம் நின்று வாதிட்டான். என்னைக் கேட்டால், இம்மூன்று சின்னங்களிலும் கலையாக்கம் என்ற வகையில் சிந்தனை சற்று மிகுந்தது இந்தக் கனவுருவமே என்பேன். புதுக்குடியிருப்புச் சிலை நேரான பிரசாரமேயன்றி வேறில்லை. இந்தத் தரவேறுபாட்டைச் சொல்லக் கூசவேண்டியதில்லை. தமக்கு உவப்பில்லாத செய்தியைச் சொல்லும் படைப்பு ஒன்றையும் அதன் அமைப்பு, அளவு, பொருள், இடத்தெரிவு ஆகியவற்றைக் கொண்டு மதிப்பிடப் பழகிய மாணவன், தமக்கு உவப்பான படைப்பிலும் குறை காணப் பழகிக்கொள்வான். எமது தரப்பில் எழுப்பப்படும் நினைவுச் சிலைகளிலும் அவசரமாக வார்த்து, அளவு பிசகி, வர்ணம் பூசி மறைத்தவை சிலவற்றை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

இனி, குறித்த வாசகர் எழுப்பிய மனவேதனை பற்றிய வினாவுக்கு வருகிறேன். சம்மதக் கடிதத்தில் ஒப்பமிட மறுத்த பெற்றோர் இருந்தார்கள்; அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பாடசாலையிலேயே வேறு வேலை கொடுக்கப்பட்டது; எவரும் வற்புறுத்தப்படவில்லை. அது சரியான நடைமுறை என்றே கருதுகிறேன். ஆனால் வெற்றிபெற்றவர் நட்ட கல்லைப் பார்க்கப் போவதே தோற்றவர் தலைகுனிவதாகும் என்ற கருத்தை ஏற்க முடியாது. இந்த மண்ணில் அதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு இருக்கிறது. ஒட்டுசுட்டானுக்கு அருகே கற்சிலைமடுவில், ஆங்கிலேயரை எதிர்த்த வன்னி மன்னன் பண்டாரவன்னியனை 1803ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆம் திகதி ஆங்கிலேயப் படையின் கப்டன் வொன் டிறிபேர்க் தோற்கடித்தான் என்று ஆங்கிலத்தில் பொறித்து ஒரு கல் நடப்பட்டிருந்தது. வென்றவன் புகழுக்கு வைத்த கல் அது. அந்தக் கல்லை எமது முன்னோர் பார்க்காமல் விலகிப் போகவில்லை. அதைக் காட்டித்தான் பண்டாரவன்னியனின் கதையைத் தம் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். டிறிபேர்க்கின் பெயரை இன்று வன்னியில் எவரும் அறிந்திருந்தால் அது பண்டாரவன்னியனால்தான். நான் சிறுவனாக இருந்த காலத்தில் என் தகப்பனாரும் அப்படித்தான் எனக்கு அவ்விடத்தைக் காட்டினார். அது எழுதப்பட்ட மொழியும், அதை எழுதியவரின் நோக்கமும், அதைப் பார்ப்பவர் அதிலிருந்து எடுத்துக்கொள்வதும் வெவ்வேறாக இருக்கலாம் என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடத்தை வேறெங்கே தேடுவது?

பணம் பற்றிய குறைக்கும் விடை உண்டு. வர்ணங்களும் தூரிகைகளும் தேவை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. எமது பாடசாலைகளில் சித்திர அறை என்று ஒன்று இருப்பதே அரிது. ஆனால் ஒப்பிடவேண்டியது இந்த ஒருநாட் பயணத்தையும் வர்ணப்பெட்டியையும் அல்ல. எமது வழக்கமான கல்விச் சுற்றுலாக்கள் நள்ளிரவில் புறப்படுகின்றன. அநுராதபுரம், சீகிரியா, பொலன்னறுவை, கண்டி, நுவரெலியா, தெகிவளை மிருகக்காட்சிச்சாலை என்று இரண்டு மூன்று நாட்களில் ஓடி முடிகின்றன. பொலன்னறுவைக் கல்விகாரையில் பாறையிற் செதுக்கப்பட்ட, ஏறத்தாழ 14 மீற்றர் நீளமான சயன நிலைப் புத்தர் சிலையின் முன் பிள்ளைகள் நிற்பது ஐந்து நிமிடம், அதுவும் படமெடுப்பதற்காக. அதே சிலையைப் பற்றிப் பரீட்சையில் எழுதுவதற்கு அவர்கள் திரும்பி வந்து குறிப்புப் புத்தகத்தைத்தான் மனனஞ் செய்கிறார்கள். நித்திரை தூங்கி, வாந்தியெடுத்து, வரும் வழியெல்லாம் ஒலிபெருக்கியில் பாட்டுக் கேட்டு முடிகின்ற அப்பயணங்களுக்குப் பெற்றோர் கடன்பட்டும் காசு கொடுக்கிறார்கள். அவற்றை நிறுத்தச் சொல்லவில்லை. வெளியூர் காணாத பிள்ளைகளுக்கு அவையும் வேண்டும். ஆனால் மாவட்டத்துக்குள்ளேயோ அடுத்த மாவட்டத்திலோ உள்ள ஓரிரு படைப்புகளைப் பார்ப்பதற்காக, ஒரு பஸ்ஸில், காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பும் பயணத்துக்கு அதில் சிறுபகுதியே செலவாகிறது.

இந்த வகைப் பயணத்துக்கு அனுமதி பெறுவது மற்றையதைவிடக் கடினமாக இருப்பதுதான் விசித்திரம். பார்க்கும் இடங்களின் பட்டியல் நீண்டிருந்தால்தான் அது கல்விச் சுற்றுலா என்று கருதும் மனப்போக்கு எமது அலுவலகங்களில் ஊறிப்போயிருக்கிறது. வலயக் கல்விப் பணிமனைகளிடமும் மாகாணக் கல்வித் திணைக்களத்திடமும் நான் வேண்டுவது, சித்திரம், வரலாறு ஆகிய பாடங்களுக்காக ஓரிரு படைப்புகளை மட்டும் பார்க்கச் செல்லும் ஒருநாட் பயணங்களைப் பாடவேளையின் பகுதியாகவே ஏற்று, பாட ஆசிரியரும் அதிபரும் பொறுப்பேற்கும் பட்சத்தில் விரைவாக அனுமதிக்க வேண்டும் என்பதுதான். முப்பது பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் ஆசிரியரின் வேலை தலையெண்ணுவதாகவே முடிந்துவிடும். ஒரு படைப்பின் முன் ஒரு மணித்தியாலமேனும் நிற்கவேண்டும். பயணம் முடிந்ததும் கட்டுரைப் போட்டி வைக்கும் வழக்கத்தைத் தயவுசெய்து கைவிட வேண்டும். பரிசு என்றதும் பிள்ளைகள் தாம் கண்டதை விட்டுவிட்டு, பெரியவர்கள் கேட்க விரும்புவதை எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். பெண்பிள்ளைகளுக்கு ஒழுங்கான மலசலகூட வசதி எங்கே உண்டு என்பதை முன்கூட்டியே விசாரித்து வைப்பது எல்லா அறிவுறுத்தல்களையும்விட முக்கியமானது என்பதை, பல சுற்றுலாக்களில் பட்ட அநுபவத்தால் இடையிற் சொல்லி வைக்கிறேன்.

கட்டுரைக்குப் பதிலாக எமது மாணவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை, நமது ஊரில் நீங்கள் ஒரு பெரும் படைப்பை அமைப்பதானால் எதை, எங்கே, எதனால் அமைப்பீர்கள் என்பதாகும். யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 2004ஆம் ஆண்டு ஓவியர் தா. சனாதனன் வீடுகளில் சேகரித்த அன்றாடப் பொருட்களைக் கொண்டே ஒரு நிறுவலை அமைத்ததைப் பற்றி ஆசிரியை அவர்களுக்கு முன்பே கூறியிருந்தமையால், சீமெந்துச் சிலை ஒன்றே வழியென்று அவர்கள் எண்ணவில்லை. ஒரு குழு துவிச்சக்கரவண்டிச் சட்டகங்களைத் தேர்ந்தது. ஒரு குழு, தூர்ந்துபோன வீட்டுக் கிணறொன்றை அப்படியே விட்டு, அதைச் சுற்றி நடைபாதை மட்டும் அமைக்க வரைந்திருந்தது. மூன்றாவது குழு, போரில் இடம்பெயர்ந்தோர் தங்கியவை போன்ற தறப்பாட் கொட்டில்களை வழிநெடுக வரிசையாக நிறுத்தி, சிறுபிள்ளை நிமிர்ந்து நடக்கவும் வளர்ந்தவர்கள் குனிந்தே செல்லவும் வேண்டிய உயரத்தில் அவற்றின் வாயில்களை அளவிட்டிருந்தது. இந்தப் பிள்ளைகளில் எவரும் தறப்பாளின் கீழ் வாழ்ந்ததாக நினைவு கொண்டவர்கள் அல்லர். வீட்டில் கேட்டறிந்ததைக் கொண்டு உயரத்தைக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆனையிறவில் அண்ணாந்து பார்த்த கழுத்து நோவிலிருந்துதான் குனிய வைக்கும் எண்ணம் வந்தது என்று அக்குழுவின் தலைவி விளக்கினாள். நான் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் இத்தகைய வடிவமைப்பொன்றை மாணவரிடமிருந்து பெற்றதில்லை. பயணத்துக்குச் செலவான பணத்துக்குக் கணக்குக் கேட்பவர்களுக்கு அந்த வரைபடத்தைக் காட்டினாலே போதுமானது.

அடுத்த பயணத்துக்கு நான் முன்மொழிந்திருக்கும் இடம் சற்றுத் தூரமானது. கொழும்பு – நீர்கொழும்பு வீதியை அண்டி, சீதுவைக்கு அருகே ரத்தொலுவச் சந்தியில், காணாமல் ஆக்கப்பட்டோருக்கான நினைவுச்சின்னம் ஒன்று இருக்கிறது. ஓவியர் சந்திரகுப்த தேனுவர வடிவமைத்து 2000ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட அதன் சுவரில், தெற்கில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் ஒளிப்படங்கள் பதிக்கப்பட்டிருக்கின்றன. ஆண்டுதோறும் ஒக்டோபர் 27ஆம் திகதி அவர்களது குடும்பத்தினர் அங்கே கூடுகிறார்கள். வெளிநாட்டுக்குப் பயணமாகும் உறவினரை வழியனுப்பக் கட்டுநாயக்கா போகும் எமது வான்கள் அந்த இடத்துக்கு மிக அருகாகவே போய் வருகின்றன. எமக்கு அது தெரியாது. 2017ஆம் ஆண்டிலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் பிள்ளைகளின் படங்களை ஏந்தியபடி வீதியோரத்தில் அமர்ந்திருக்கும் தாய்மாரைப் பார்த்து வளர்ந்த எமது மாணவர்கள், சிங்களத் தாய்மாரும் அதே விதமாகப் படங்களை ஏந்தியதையும், அவை ஒரு கலைஞனின் கையில் ஒரு சுவராக மாறியதையும் நேரில் நின்று பார்க்கவேண்டும். ஆனையிறவுக் கைகளையும் பல்கலைக்கழகக் கைகளையும் ஒப்பிட்ட பிள்ளைகள் அந்தச் சுவரிலும் எதையோ கண்டு சொல்வார்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

அதற்கான விண்ணப்பம் வலயக் கல்விப் பணிமனைக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. தூரப் பயணமாகையால் பெற்றோர் தரப்பிலிருந்து இருவரோ மூவரோ துணைக்கு வரவேண்டியிருக்கும். தங்கள் பத்திரிகைக்கு அந்தக் கடிதத்தை எழுதிய வாசகரும் எமது மாவட்டத்தவர் என்பது அவருடைய எழுத்திலிருந்து தெரிகிறது. அவர் விரும்பினால் எங்களுடன் வரலாம்; புறப்படும் முன் வகுப்பறையில் நடக்கும் ஆயத்தப் பாடத்துக்கும் வந்து அமர்ந்து, தம் ஆட்சேபத்தை மாணவருக்கே நேரில் சொல்லலாம். பாட ஆசிரியையிடம் இதைக் கேட்டேன், அவரும் சம்மதித்திருக்கிறார்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர்,
முள்ளியவளை.